ஆளுக்கொரு வசனம்

தென்னிந்தியத் திருச்சபையின் ஞானஸ்நான ஆராதனையில் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேள்விகள் கேட்கும் குருவானவர், சபையாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். இந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளர நீங்களும் துணை நிற்பீர்களா என்பதுதான் அதன் சாரம். நாம் ஒரே குரலில் சம்மதம் சொல்கிறோம். குழந்தை அழும்போது எல்லாருடைய கண்ணும் அதன்பக்கம் திரும்புகிறது. ஆராதனை முடிந்து விருந்துக்குப் போகிறோம், மோதிரமோ உடுப்போ கொடுத்து ஆசீர்வதித்துவிட்டு வீடு திரும்புகிறோம். சொன்ன சம்மதம் கோயிலிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டோம் என்று பிறகு யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

கேட்டால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஞாயிறு பாடசாலை நடத்துகிறோம், விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம், பாலர் ஞாயிறு, வசனப் போட்டி, வேத வினாடி வினா, வாலிபர் முகாம் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் உழைக்கிறவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மே மாத வெயிலில் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தொண்டை வறளக் கதை சொல்லும் அக்காமாருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை வாரத்தில் கோயில் வளாகத்துக்குள் இருப்பது மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். வீட்டில் ஜெபம் இல்லாத பிள்ளைக்கு ஞாயிறு பாடசாலை என்பது பள்ளிக்கூடப் பாடங்களோடு இன்னொரு பாடம். அதற்கும் தேர்வு உண்டு, பரிசு உண்டு. தேர்வு முடிந்தால் படித்தது மறந்தும் போகும். பிள்ளைகளுக்காகச் சபை செய்யக்கூடிய முதல் காரியம் அவர்களுடைய வீட்டைத் தாங்கிப் பிடிப்பதுதான். அதைத்தான் நாம் மிகக் குறைவாகச் செய்கிறோம்.

இது இன்றைக்குப் பிறந்த யோசனை இல்லை. உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஆசாரியர் கையில் கொடுக்கவில்லை. வீட்டிலும் வழியிலும் பிள்ளையோடு கூடவே இருக்கிறவர்களிடம் கொடுக்கிறது. 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போன மார்ட்டின் லுத்தர், ஊர்ப்புறத்து ஜனங்களுக்கு அடிப்படையான போதனைகூடத் தெரியாததைக் கண்டு மனம் நொந்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய சிறு ஞானோபதேசத்தின் தலைப்புகளிலேயே அதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு. காலையில் எழும்போதும் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் படுக்கப் போகும்போதும் சொல்லவேண்டிய சிறு ஜெபங்களையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்த முதல் நூல்களில் அதுவும் ஒன்று. ஆக, தமிழ்ச் சீர்திருத்தச் சபைக்குத் தொடக்கத்திலேயே கிடைத்த நூல்களில் ஒன்று வீட்டுக்கென்று எழுதப்பட்டது.

ஞாயிறு பாடசாலை வந்த வழி வேறு. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் அதைத் தொடங்கினார். வாரம் முழுக்க வேலைத்தலங்களில் உழைத்துவிட்டு ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது. எழுத்தும் வாசிப்பும்தான் முதல் பாடம். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்கென்று வந்தது, ஆள் இருக்கிற வீடுகளுக்கும் பரவியது. மெல்ல மெல்ல அந்த ஆள் செய்துவந்த வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது. "அதான் சண்டே கிளாசுக்குப் போறானே" என்று நிம்மதியாகச் சொல்லும் தகப்பனார்கள் இன்று எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களை அப்படி நம்பவைத்தது சபைதான்.

திருநெல்வேலிச் சீமையில் விசுவாசம் வீட்டுக்குள் போன விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1799இல் கிறிஸ்தவர்களின் குடியிருப்பாக முதலூர் உருவானது. 1820இல் மிஷனெரி ரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் பனங்காட்டு ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சபைகள் எழும்பின. குருமார் மிகச் சிலர். ஊரைத் தாங்கியவர் உபதேசியார். காலையும் மாலையும் மணியடித்துக் கோயிலில் ஜெபம் நடத்துவார். வாசிக்கத் தெரியாத பனையேறிகளுக்கும் பெண்களுக்கும் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு வீடு வீடாகப் போய்ப் பாடம் கேட்பார். பின்வந்த மிஷனெரிமாரில் இடையன்குடியில் கால்டுவெல் காலத்திலும் மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் காலத்திலும் சபை வளர்ந்தது இந்தத் தினசரி ஒழுங்கில்தான். பெரிய கோபுரங்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். கோபுரம் எழும்புவதற்கு முன்பே குடிசைகளுக்குள் பரமண்டல ஜெபம் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கொண்டுசேர்த்த உபதேசிமாரில் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்த ஒழுங்கின் கடைசிக் காலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஆச்சி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரிப்பார்கள். அட்டை கழன்று, துணி ஒட்டிய வேதாகமம் மஞ்சள் பையிலிருந்து வெளியே வரும். முதலில் ஒரு கீர்த்தனை. தாத்தா எடுத்த சுதி சில நாள் எட்டும், சில நாள் எட்டாது, யாரும் நிறுத்தமாட்டார்கள். பிறகு அன்றைய அதிகாரம், ஆளுக்கொரு வசனம். வேதாகமம் ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்கு நகர்ந்துகொண்டே வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் முறை வந்தால் அத்தனை பேரும் காத்திருப்பார்கள். தானியேல் புத்தகத்தில் நேபுகாத்நேச்சார் வந்துவிட்டால் ஒரு பாடுதான். தாத்தா எடுத்துக் கொடுக்கமாட்டார். எழுத்தின்கீழ் விரலை மட்டும் வைத்திருப்பார். நெல் அவிக்க வந்த அம்மாள் அன்றிரவு தங்கினால் அவருக்கும் ஒரு வசனம் உண்டு. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆச்சி சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார்.

அதன்பின் முழங்கால் ஜெபம். தாத்தாவின் ஜெபத்தில் ஊர் முழுவதும் வரும். கடன்பட்டவர், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண், பம்பாய்க்கு வேலைக்குப் போய்க் கடிதம் போடாத பக்கத்து வீட்டுப் பையன். பெரியவர்கள் எதற்குப் பயந்தார்கள், யாருக்காக வருந்தினார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது அந்த ஜெபத்தில்தான். பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேராவது தூங்கியிருப்பார்கள். எழுப்பிவிட்டு, பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லவைத்து, சோறு போடுவார்கள்.

அந்த அரைமணி நேரத்தில் எங்களுக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. ஆனால் பெரியவர், சிறியவர், வேலைக்கு வந்தவர் எல்லாருக்கும் ஒரே வரிசையில் ஒவ்வொரு வசனம் இருந்தது. திக்கித் திக்கி வாசிப்பவருக்காகப் பத்துப்பேர் பொறுத்திருந்தார்கள். பகலெல்லாம் வீட்டாரை அதட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் இரவில் தம்மைவிடப் பெரியவர் ஒருவர்முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இதைத் தினமும் பார்த்த பிள்ளைக்குத் தேவன் யார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அந்தப் பிள்ளை விசுவாசத்தை விட்டு விலகிப் போனாலும், தான் எதை விட்டுப் போகிறோம் என்று தெரிந்துதான் போகும்.

இன்று அந்தப் பாய் பல வீடுகளில் விரிக்கப்படுவதில்லை. டியூஷன் முடிந்து பிள்ளை வர எட்டரை மணி. அம்மா பீடி சுற்றுகிறார், அல்லது ஜவுளிக்கடையில் இரவு ஒன்பது வரை நிற்கிறார். அப்பா துபாயிலோ தூத்துக்குடி ஷிப்டிலோ இருக்கிறார். எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஆளுக்கொரு செல்போன். காரணங்களை இப்படி அடுக்கி, காலம் கெட்டுப்போயிற்று என்று சொல்வது எளிது. இதில் சபையின் பங்கும் இருக்கிறது. ஒரு நகரச் சேகரத்தின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கம், புதன் வேத ஆராய்ச்சி, வியாழன் பகுதி ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு ஒத்திகை, ஞாயிறு காலையும் மாலையும் ஆராதனை. இடையில் கன்வென்ஷன் வந்தால் மூன்று இரவுகள் மைதானத்தில். பக்தியுள்ள குடும்பம் என்று பெயரெடுத்த வீட்டில் அம்மா ஒரு கூட்டத்துக்கும் அப்பா ஒரு கமிட்டிக்கும் அக்கா ஒத்திகைக்கும் போய்விடுகிறார்கள். கடைசிப் பிள்ளை பூட்டிய வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டின் மாலையை எடுத்துக்கொண்டது உலகம் மட்டுமா?

ஆகவே சபை முதலில் செய்ய வேண்டியது விட்டுக்கொடுப்பது. வாரத்தில் இரண்டு மாலையாவது கோயிலில் எதுவும் நடக்காது, அது வீட்டின் நேரம் என்று சபை மன்றம் தீர்மானம் போட வேண்டும். அந்த நாளில் குருவானவரும் தம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். குருவானவர்களின் வீடுகளிலேயே குடும்ப ஜெபம் தடைப்பட்டுப் போவது நாம் வெளியே பேசாத துக்கம். ஊரார் பிள்ளைகளுக்காக ஓடும் தகப்பனை அவருடைய பிள்ளைகள் பிரசங்க பீடத்தில்தான் பார்க்கிறார்கள்.

நேரம் கிடைத்தாலும் சொல் கிடைப்பது கடினம். நம் சபைகளில் கைநிறையச் சம்பாதிக்கிற, நான்கு பேர் முன்னால் தைரியமாகப் பேசுகிற ஆண்கள் பலருக்கு மனைவி பிள்ளைகள் முன்னால் வாய்திறந்து ஜெபிக்கக் கூச்சம். கூட்டங்களில் கேட்ட நீண்ட ஜெபங்களும், இடிமுழக்கமான குரலும், கண்ணீரும் ஜெபம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பயத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டன. தனக்கு அது வராது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பல வீடுகளில் ஜெபம் பெண்களின் வேலையாகிப்போனதும், பத்து வயது தாண்டிய பையன்கள் அப்பாவைப் பார்த்து எழுந்து போய்விடுவதும் இதனால்தான். இவர்களுக்கு வேண்டியது இன்னொரு பிரசங்கம் இல்லை. இன்றைக்கு நடந்த ஒரு நன்மைக்கு நன்றி, நாளைக்கு வேண்டிய ஒன்றுக்கு விண்ணப்பம், வீட்டில் யாரிடமாவது கோபப்பட்டிருந்தால் அதற்கு மன்னிப்பு. மூன்று வாக்கியம் போதும். இதைச் சபையில் மூத்த ஒருவர் பத்துப் பதினைந்து தகப்பன்மாரை உட்காரவைத்துப் பழக்கிக் கொடுக்கலாம். நமக்குத் தெரிந்த வீடு ஒன்றில் அப்பா வளைகுடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். பிள்ளைகள் வசனம் வாசிக்க, அவர் அங்கிருந்து ஜெபிப்பார். அங்கே அவர் வேலை முடிந்து அறைக்கு வரும்போது இங்கே பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் சில நாள் உணவு இடைவேளையிலேயே கூப்பிட்டுவிடுவார். பின்னணியில் எந்திரச் சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் குரல் நினைவிருக்கும், அது என்ன கேட்டது என்பதும் நினைவிருக்கும்.

இன்னொரு தடையைப் பற்றிச் சபைகளில் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலரால் தமிழ் வேதாகமத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. வீட்டு ஜெபத்தில் அவர்கள் முறை வரும்போது பெரியவர்கள் இரக்கப்பட்டு அவர்களைத் தாண்டிவிடுகிறார்கள், அல்லது அந்தப் பிள்ளை செல்போனில் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து ஒரு வரி வாசிக்கிறது. பாட்டிக்கு அது புரிவதில்லை. பாட்டி பாடும் கீர்த்தனை பேரனுக்குப் புரிவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு விசுவாசங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமாக வளர்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் இது முற்றிவிட்டது, பாளையங்கோட்டையில் தொடங்கிவிட்டது. நம் பழைய வேதாகமத்தின் நடை பெரியவர்களுக்கே சில இடங்களில் கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எளிய தமிழில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் அதைவிட அவசரமான வேலை, ஞாயிறு பாடசாலை தன் முதல் வேலைக்குத் திரும்பி எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. வாரம் இருபது நிமிடம், ஒரு சுவிசேஷத்தின் ஒரு பத்தியை உரக்க வாசிக்கவைத்தால் ஓராண்டில் பிள்ளை தன் முறைக்குப் பயப்படாது. ரெய்க்ஸ் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்ததும் இதற்குத்தான். பாட்டியும் பேரனும் ஒரே பக்கத்தைப் பார்த்து வாசிக்க முடிந்தால் சபை அந்த வீட்டுக்குச் செய்த உதவி சிறியதில்லை.

குருவானவரின் வீடு சந்திப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உபதேசியார் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளிடம் பாடம் கேட்பார். இப்போது சபை ஊழியர் வருவது பெரும்பாலும் சங்கக் காணிக்கைக்கோ, பண்டிகை நன்கொடைக்கோ, துக்க வீட்டுக்கோதான். ஆயிரம் குடும்பமுள்ள சேகரத்தில் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போவது நடக்காத காரியம். அதனால் அந்த வேலை இல்லாமலே போக வேண்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்கள், கையில் நேரமுள்ளவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பத்து வீடு என்று கொடுத்து, மாதம் ஒருமுறை அந்த வீட்டுப் பாயில் போய் உட்காரச் சொல்லலாம். வரவேற்பறைச் சோபாவில் காபி குடித்துவிட்டு ஒரு ஜெபம் பண்ணிக் கிளம்புவதில் பயனில்லை. வீட்டார் நடத்தும் ஜெபத்தில் அவர் தம் முறைக்கு ஒரு வசனம் வாசிக்க வேண்டும். நடத்துகிறவர் வீட்டார்தான் என்பதை மட்டும் அவர் மறந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் அப்பாவும் அம்மாவும் ஒருமனப்பட்ட வீடுகளுக்கு. அப்படி இல்லாத வீடுகள்தான் சபைக்கு உண்மையான சோதனை. கணவர் குடித்துவிட்டு வரும் நேரம் எதுவென்று தெரியாமல் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தும் தாய், விதவை, கணவர் வேறு சமயத்தவர் என்பதால் பிள்ளைகளைத் தனியாகக் கோயிலுக்குக் கூட்டிவரும் பெண், பெற்றோர் பிரிந்து தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள். இவர்கள்மீது 'குடும்பமாக ஜெபிக்கும் குடும்பம்' என்ற அழகான படத்தை ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் வீசிக்கொண்டிருந்தால் அவர்கள் கூனிக் குறுகிக் கடைசி பெஞ்சுக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுவார்கள். வேதாகமத்தில் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும். அதைப் பவுல் குறையாகச் சொல்லவில்லை, நன்றியோடு நினைத்துப் பார்க்கிறார். பிறகு அந்தப் பவுலே அவனைத் தம் மகன் என்றழைத்துக் கூட்டிப் போனார்.

நம் மண்ணிலும் இப்படி நடந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்பவருக்கு மகனாகப் பிறந்த வேதநாயகத்தைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்து வளர்த்தவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். அவர் மணம் செய்துகொள்ளாதவர். அந்தப் பிள்ளைதான் வேதநாயக சாஸ்திரியாராகி, இன்றுவரை நம் வீட்டு ஜெபங்களில் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதினார். பிள்ளை பெறாத ஒருவரின் வளர்ப்பிலிருந்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பாட்டுக் கிடைத்தது. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நாம் ஏற்படுத்தி வைத்திருப்பதும் இதற்குத்தான். இப்போது அதற்கு மாமன் மச்சானை, வசதியான உறவை, வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவரைத் தேர்ந்தெடுத்து ஒரு புகைப்படத்தோடு முடித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையிலிருந்தே, அதே ஊரில் இருக்கும் மூத்த ஒருவரைக் கூடுதலாக நியமித்து, பிறந்தநாளை நினைவில் வைப்பதும் தேர்வுக்கு முன் தலையில் கைவைத்து ஜெபிப்பதும் அவர் பொறுப்பு என்று வைக்கலாம். துணையில்லாத தாய்க்கு அந்த ஒருவர் இருப்பது பெரிய பலம்.

காது கேளாத பிள்ளையுள்ள வீட்டையும் நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அத்தனை காலமாக அந்தப் பள்ளி இருக்கும் ஊரைச் சுற்றியுள்ள சபைகளில் சைகை தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கீர்த்தனையும் பிரசங்கமும் காதுக்கானவை. அந்தப் பிள்ளை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உதடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பரமண்டல ஜெபத்தைச் சைகையில் சபை முழுவதும் கற்றுக்கொள்ள சில ஞாயிறுகள் போதும்.

இனிச் சொல்வது கசப்பானது. வீட்டில் ஜெபம் இருந்தும் பிள்ளைகள் விலகுவதற்கு ஒரு காரணம், அவர்கள் அதே வீட்டில் கேட்கும் மற்றப் பேச்சு. ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் சபைத் தேர்தல் பற்றிய பேச்சு தொடங்குகிறது. எந்த அணி, யாருக்கு எத்தனை ஓட்டு, யார்மேல் வழக்கு. ஐயர் மாறுதல் பற்றி, யார் யாரைப் பிடித்தார்கள் என்பது பற்றி, பிள்ளை கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியாகச் சாதியும் இரண்டாவது கேள்வியாக நகையும் வருவதைக் கேட்கிறது. சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் கடிதம் எழுதியது 1833இல். நாம் பெரிதும் மதிக்கும் சாஸ்திரியாரே அன்று மறுபக்கம் நின்றார் என்பது நம் வரலாற்றில் மறைக்க முடியாத துயரம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகியும் திருமண ஓலை வாசிக்கும் சபையில் அந்தக் கேள்வி தீரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை முட்டாள் இல்லை. ஆளுக்கொரு வசனம் வாசித்த வரிசையில் எல்லாரும் சமம் என்று நம்பிய பிள்ளை, கல்யாணப் பந்தலில் அது பொய் என்று கண்டுகொண்டால் எதை நம்பும்? குடும்பங்களுக்குச் சபை செய்யும் உதவிகளில் மிகக் கடினமானது இது. தன் நடத்தையைத் திருத்திக்கொள்ளாமல் ஒரு சபை எந்தப் பெற்றோருக்கும் துணை நிற்க முடியாது.

திடப்படுத்தல் வகுப்பு இந்த வயதில்தான் வருகிறது. வெள்ளை உடுப்பு, பேராயரின் கை, முதல் திருவிருந்து. அதோடு பலருக்குக் கோயிலோடு உள்ள உறவு கிறிஸ்துமஸ் இரவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த வகுப்பில் மனப்பாடம் இருக்கும் அளவுக்குக் கேள்விக்கு இடம் இருக்க வேண்டும். தாத்தா அவ்வளவு ஜெபித்தும் ஏன் செத்துப்போனார், என் நண்பன் வேறு மதம், அவன் கதி என்ன, ஐயர் ஏன் அந்த வீட்டு அடக்கத்துக்கு வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் அடங்காப்பிடாரி என்ற பெயர் கிடைக்காது என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று பெரியவர் ஒருவர் சொல்லிக் கேட்பதே அந்த வயதில் பிடிமானம்.

சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இருந்தது. பிள்ளையின் கையால் அள்ளிப் போடச் சொல்வார்கள். கோயிலில் சேரும் அந்த அரிசி ஊழியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் போகும். அசனப் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, தங்கள் வீட்டு அரிசியும் அதில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். இன்று அது கவரில் போட்ட பணமாகி, அப்பாவின் சட்டைப்பையிலிருந்து நேரே தட்டுக்குப் போகிறது. மறுபடியும் பிள்ளையின் கைக்கு ஏதாவது ஒரு வேலையைச் சபை கொடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான அட்டவணை போட உட்காரும் சபை மன்றத்தாரிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். புதிதாக எந்தக் கூட்டத்தையும் சேர்க்காமல், இருப்பதில் இரண்டு மாலைகளை எடுத்து வீடுகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஜெபம் நடத்த ஆளில்லாத வீடுகளின் பட்டியலை எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவரை அனுப்புங்கள். இதை வாசிக்கிற நீங்கள் மன்றத்தில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கும். இந்த வாரம் ஒரு மாலை அங்கே போய், அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்கள் முறைக்கு ஒரு வசனம் வாசியுங்கள்.